ஜான் காஃப் சரிதம்

உலகிற் பெரியோர் எனப் போற்றப்படுவோர் பல திறத்தினர். பிறந்த நாள் தொட்டு நேர்வழியே நடந்து புகழெய்தினோர் ஒரு திறத்தினர். வழுக்கி வீழ்ந்து, சேற்றிற் புரண்டு, மீண்டெழுந்து, தாம் எழுந்த அவ்விடத்தை விட்டகலாது நின்று, பின் வீழ்வோர்க்குக் கைகொடுத்தோர் மற்றொரு திறத்தினர். முன்னவரை நாம் வியந்து வணங்குகிறோம். பின்னவரால் தேறுதல் பெறுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மதுவிலக்கு நாவலராய்ப் பெரும்புகழ் படைத்த ஜான் பார்த்தலோமியு காஃப் என்பார் இப்பின்னைய திறத்தைச் சார்ந்தவர். அவருடைய சரிதம் மாணவராகிய நமக்குப் பெரிதும் பயன்படுவதாகலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

காஃப் 1817-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் தேதி இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்துக் கடற்கரைச் சிற்றூராகிய ஸாண்ட்கேட்டிற் பிறந்தார். தந்தையார் ஸ்பெயின் நாட்டுப் போர்களில் நெப்போலியன் படையை எதிர்த்துப் பொருத பழம் போர்வீரர். சொற்ப உபகாரச் சம்பளம் பெற்று வாழ்ந்தவர். தாயார் அவ்வூர்ப் பள்ளியில் உபாத்தியாயினியாக இருந்தவர். இளமையிலேயே ஜான் தெளிவாகவும் இனிமையாகவும் நூல்களை வாசிப்பதில் வல்லவனாக விளங்கினான். அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்போர்ஸ் பெருமகனார் அவ்வூரில் வந்து தங்கியிருந்த காலத்து அச்சிறுவன் வாசிப்பதைக் கேட்டு மகிழ்ந்து, ஒரு புத்தகம் பரிசளித்தார் என்ப. பிற்காலத்தில் ஆயிரமாயிரம் மாந்தரை அசைவற்றிருந்து கேட்கச் செய்த அக்குரல் அன்றே தன் அடையாளத்தைக் காட்டியது.

ஆயினும் குடும்பத்தில் வறுமை மிகுதி. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அவ்வூரில் யாதொரு வாழ்வும் கிட்டாதெனக் கண்ட தந்தையார், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தாரிடம் பத்துக் கினி கொடுத்து, மகனைத் தொழில் கற்பிக்குமாறு ஒப்புவித்தார். 1829-ஆம் ஆண்டு ஜான் கப்பலேறினான். நியூயார்க் மாகாணத்தில் ஒரு பண்ணையில் இரண்டாண்டுகள் உழைத்தான். பள்ளிப்படிப்பும் இல்லை, கைத்தொழிலும் இல்லை எனக் கண்டு, 1831-இல் தனியனாய் நியூயார்க் நகரம் சென்று, புத்தகம் கட்டும் தொழிலில் அமர்ந்தான். கூலியில் மிச்சம் பிடித்துத் தாயையும் தங்கையையும் வரவழைத்தான். 1833-இல் அவர்கள் வந்து சேர்ந்தனர். மூவரும் கூடி வாழ்ந்த அச்சில மாதங்களே அவன் இளமையில் இன்பம் நிறைந்த காலமாகும்.

அவ்வின்பம் நீடிக்கவில்லை. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் வேலை போயிற்று. விறகுக்கும் ரொட்டிக்கும் வழியின்றி, ஒரு மாடத்து அறையில் மூவரும் வருந்தினர். 1834-ஆம் ஆண்டுக் கோடையில் தாயார் திடீரென இறந்தார். ஏழைகளுக்கென நகரத்தார் அளிக்கும் மரப்பெட்டியில் அவ்வுடல் வைக்கப்பட்டு, வண்டியில் ஏற்றப்பட்டுச் சென்றது. சடங்குமில்லை, ஆறுதல் கூறுவாருமில்லை. பின்னே அழுதுகொண்டு நடந்தோர் அண்ணனும் தங்கையுமே. அப்பொழுது அவனுக்கு வயது பதினேழுகூட நிறையவில்லை.

தாயை இழந்த இளைஞனுக்குத் தோழர் பலர் கிடைத்தனர். அவனோ பாட வல்லவன், நடிக்க வல்லவன், பிறரைச் சிரிக்கச் செய்ய வல்லவன். இத்தகையோன் மதுக்கடைக்கு நல்ல விருந்தாளியன்றோ? தோழர் அவன் பாட்டுக்குக் கைதட்டினர்; கைதட்டலோடு கிண்ணமும் நீட்டினர். நாளடைவிற் குடி பழக்கமாயிற்று, பழக்கம் வழக்கமாயிற்று, வழக்கம் விலங்காயிற்று. சிறு நாடகசாலைகளிலும் அவர் நடித்தார். பாஸ்டன் நகரத்து லயன் நாடகசாலையில் மதுவிலக்குச் சங்கத்தாரை எள்ளி நகையாடும் நாடகம் ஒன்று நடந்தது. அந்நகரத்து மதுவிலக்குத் தலைவராகிய மோஸஸ் கிராண்ட் என்பவரும் அதில் ஏளனம் செய்யப்பட்டார். அந்நாடகத்தில் வேடம் பூண்டோருள் காஃப் ஒருவர். இவ்விருவரும் பின்னர் எவ்வாறு சந்தித்தனர் என்பதை மேலே காண்போம்.

காஃப் மணம் புரிந்தார். சொந்தமாகத் தொழிலும் தொடங்கினார். குடியால் இரண்டும் கெட்டன. மாசசூஸெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் அவர் வாழ்ந்தபோது, மனைவியும் பிறந்த குழவியும் சில நாளில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். அவ்விரு சடலங்களும் கிடந்த அறையிலேயே தாம் புட்டியை மறைத்து வைத்துக் குடித்ததாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளியாது எழுதியுள்ளார். மதுவெறியால் வரும் சன்னியும் அவரைப் பற்றியது. உயிரை மாய்த்துக் கொள்ளவும் ஒருகால் முயன்று, கடைசிக் கணத்திற் கைவிட்டார். ஊரார் அவரைக் கண்டு ஒதுங்கினர். வேடிக்கைப் பாட்டுக்கு மட்டும் அழைத்தனர். அவர் பெயர் சொல்லி அன்போடு அழைப்பார் ஒருவரும் இலராயினர்.

இந்நிலையில் அந்நாட்டில் எழுந்த ஒரு புதிய இயக்கத்தை இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றிற் கூடிக் குடிக்கும் வழக்கமுடைய அறுவர், இனிக் குடிப்பதில்லை எனத் தமக்குள் உறுதி செய்து, வாஷிங்டன் பெயரால் ஒரு சங்கம் நிறுவினர். அவர்கள் தையற்காரர், தச்சர், கொல்லர் முதலிய தொழிலாளர், குருமாருமல்லர், பண்டிதருமல்லர். அச்சங்கக் கூட்டங்களிற் பிரசங்கம் செய்வோர் எவர்? குடியை விட்டவரே. கேட்போர் எவர்? குடியை விட முயல்பவரே. தாம் பட்டதைச் சொல்லிப் பிறரைத் தேற்றுவதே அவர்தம் முறை. 1842-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஸ்பிரிங்பீல்டு நகரில் அச்சங்கத்தார் முன் பேசிய ஆப்பிரகாம் லிங்கன், கூலிக்குப் பேசுவோரினும், மேலிருந்து கண்டிப்போரினும், குடியினின்று மீண்டவர் சொல்லே குடியர் நெஞ்சிற் புகும் என்னும் கருத்தை எடுத்துரைத்தார். அவ்வியக்கத்தின் அலை வூஸ்டர் நகரையும் அடைந்திருந்தது.

1842-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கந்தல் உடுத்துத் தள்ளாடித் தெருவிற் சென்றுகொண்டிருந்த காஃபின் தோள்மீது யாரோ ஒருவர் கைவைத்தார். திரும்பிப் பார்த்தார், முன்பின் அறியாத முகம். அவர் பெயர் ஜோயல் ஸ்ட்ராட்டன். மது வழங்காத விடுதி ஒன்றிற் பரிசாரகர். அவர் திட்டவுமில்லை, பயமுறுத்தவுமில்லை. காஃபின் பெயரைச் சொல்லி அழைத்து, நிலைமையை விசாரித்து, மறுநாள் இரவு நகர மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து மதுவிலக்கு விரதப் பத்திரத்திற் கையொப்பமிடுமாறு வேண்டினார். தாமும் உடன் இருப்பதாக வாக்களித்துச் சென்றார். அவ்வளவே நடந்தது.

குடித்திருப்பவனைக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கினவனை விளக்கேந்தித் தேடுவது போலாம் என்பது நம் வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்திற் கூறிய கருத்து. ஸ்ட்ராட்டன் காரணம் காட்டவில்லை என்பதை நோக்குக. அவர் கைநீட்டினார். வாதத்துக்கு எட்டாத ஆழத்திலும் கை எட்டும் போலும்.

மறுநாட் காஃப் கூட்டத்துக்குச் சென்றார். நடுங்கும் கையாற் கையொப்பமிட்டார். மறுநாட் காலை தொழிற்சாலையிற் சென்று சொன்னபோது, முதலாளி நம்பவில்லை. இவ்வாறு சொன்னவர் பலரைக் கண்டவர் அவர். அந்நம்பிக்கையின்மை காஃபின் நெஞ்சை முறித்திருக்கும். ஆனால் அவ்வேளை ஜெஸ்ஸி குட்ரிச் என்னும் வழக்கறிஞர் தாமாகவே அங்கு வந்து, கையொப்பமிட்டதைக் கேட்டு மகிழ்ந்ததாகச் சொல்லி, தம் அலுவலகத்துக்கு எந்நேரமும் வரலாமென அழைத்துச் சென்றார். கந்தலுடுத்த கூலியாளைக் கனவான் ஒருவர் தேடி வந்து நட்புப் பாராட்டிய அச்சில நிமிஷங்களே தம்மைத் தாங்கின எனக் காஃப் பின்னாளில் நன்றியோடு நினைவு கூர்ந்தார். முதற்கை உயர்த்திற்று என்றால், இரண்டாம் கையே விழாது பிடித்தது.

அதன்பின் வந்த நாட்கள் கொடியவை. கையிற் பிடித்த இரும்புக் கோல் பாம்பாய் நெளிந்து சீறுவதாகத் தோன்றிற்று. ஆறு நாள் இரவும் பகலும் உருவெளித் தோற்றங்களால் வதைபட்டார், பின்னரே தெளிந்தார். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துங்கால் வரும் இந்நோய் உயிருக்கே இறுதி பயக்கும் என்பதும், மருத்துவர் துணையின்றி அதனைக் கடக்க முயலலாகாது என்பதும் இன்று நன்கறிந்த உண்மைகள். காஃப் பிழைத்தமை அரிதினும் அரிதாய் வாய்த்த பேறு. பின்பற்றத் தக்க நெறியன்று.

வாரங்கள் சென்றன. ஒரு பள்ளிக்கூடத்திற் கூடிய சிறு கூட்டத்தில் தம் கதையைச் சொல்லுமாறு அவரை அழைத்தனர். கணப்படுப்பின் வெம்மை தாங்க முடியாத அறையில், பழைய மேலங்கியைக் கழுத்துவரை பொத்தானிட்டு, வியர்வை வழிய நின்று பேசினார். காரணம் யாதெனின், உள்ளே இருந்த உடை வெளிக்காட்டத் தகாத கந்தல். அப்பேச்சைக் கேட்டவர் அடுத்த ஊருக்கழைத்தனர், அவ்வூரார் மற்றோரூருக்கழைத்தனர். இவ்வாறு புத்தகக் கட்டாளர் நாவலராயினார்.

ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து ஓர் இடறல் நேர்ந்தது. பாஸ்டன் நகருக்குச் சென்றவர், பழைய நாடகத் தோழரைச் சந்தித்தார். அவர் நீட்டிய கிண்ணத்தை மறுக்க இயலாது குடித்தார். தெளிந்ததும் வெட்கம் மேலிட்டது. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. வூஸ்டருக்குத் திரும்பி நண்பரிடம் உண்மையைச் சொல்லி, விரதப் பத்திரத்தில் மீண்டும் கையொப்பமிட்டு, ஊரை விட்டே போகத் துணிந்தார். நண்பர் அவரை விடவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் தவற்றை அவர் அறிக்கையிட்டார். கூட்டத்தார் அவரை ஏற்றுக்கொண்டனர். வூஸ்டர் மக்கள் அன்று கதவடைத்திருப்பின், உலகம் காஃபின் பெயரைக் கேட்டிராது.

இதன்பின் நியூ இங்கிலாந்து நாடுகளில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தார். தொடக்கத்தில் ஒரு பிரசங்கத்துக்கு முக்கால் டாலர் கூலி கிடைப்பதும் உண்டு. ஓராண்டுக் காலத்தில் 380 முறைக்கு மேற் பேசி, 15,000 பேர் வரை கையொப்பம் பெற்றார். அவர் பேச்சிற் பாண்டித்தியம் இல்லை. சிரிப்பும் கண்ணீரும் மாறி மாறி வரும். நடிகராயிருந்த காலத்துக் கற்ற கலை இப்போது நற்பணிக்கு உதவிற்று. நாடகத்தில் தாம் எள்ளி நகையாடிய மோஸஸ் கிராண்ட் பெருமகனாரே அவரைப் பாஸ்டன் மேடைகளில் ஏற்றி, நண்பராகவும் ஆதரவாளராகவும் விளங்கினார். 1843-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மேரி விட்கம் என்னும் மங்கையை மணந்தார். அவ்வம்மையார் வாழ்நாள் முழுதும் அவருக்கு அரணாயிருந்தார்.

1845-ஆம் ஆண்டு செப்டம்பரிற் பெரும் சோதனை வந்தது. நியூயார்க் சென்ற காஃப் ஏறத்தாழ ஒரு வாரம் காணாமற் போயினார். முடிவில் வாக்கர் தெருவில் ஒரு வீட்டிற் சீர்குலைந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டார். பழைய பழக்கமுடையவனென்று சொல்லிக்கொண்ட ஒருவன் தந்த சோடா நீரில் ஏதோ கலந்திருந்ததென்றும், அதன் பின்னர்ப் புத்தி மயங்கிக் குடித்ததாகவும் அவர் கூறினார். பகைவர் நம்பவில்லை, பத்திரிகைகள் எள்ளின. அவருடைய சபையார் விசாரித்து, அவர் சொல்லை ஏற்றனர். உண்மை எதுவாயினும் ஒன்று தெளிவு: அவர் இம்முறையும் ஓடி ஒளிந்திலர். நடந்ததை எழுதி வெளியிட்டார்; மீண்டும் மேடையேறினார். அந்நாள் தொட்டு இறுதிவரை மதுவைத் தொட்டதில்லை என்பதே அவர் உறுதியாகக் கூறியது.

1853-ஆம் ஆண்டு இங்கிலாந்து மதுவிலக்குச் சங்கத்தார் அழைப்பின்மேல் அவர் தாய்நாடு சென்றார். வறிய சிறுவனாய்க் கப்பலேறி இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின், லண்டன் எக்ஸிடர் மண்டபத்தில் திரளான மக்கள் அவர் பேச்சைக் கேட்டு ஆரவாரித்தனர். புகழ்பெற்ற சித்திரக்காரரும் மதுவிலக்காளருமாகிய ஜார்ஜ் குருயிக்ஷாங்க் அவருக்கு உற்ற நண்பரானார். ஆங்கு இரண்டாண்டு பணியாற்றித் திரும்பி, 1857-இல் மீண்டும் சென்றார்.

இரண்டாம் முறை சென்றபோது பூசல் மூண்டது. 1851-இல் மெயின் மாகாணம் இயற்றிய மதுவிலக்குச் சட்டம் போல இங்கிலாந்திலும் சட்டம் வேண்டுமென ஒரு சாரார் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தனர். அமெரிக்காவில் அச்சட்டம் பயனற்றுக் கிடக்கிறதென்று காஃப் எழுதிய கடிதம் ஒன்று வெளிப்பட்டது. அவர் சட்டத்துக்குப் பகைவரல்லர், கண்டதை எழுதினார். ஆயினும் அச்சாராருள் ஒருவராகிய டாக்டர் லீஸ் என்பவர், காஃப் இன்னும் மறைவிற் போதைக்கு ஆளாகிறார் என்று கடிதங்களில் எழுதினார். ஒருமுறை இடறினவர்மீது இப்பழியைச் சுமத்துவது எளிது; அவர் அதனைத் துடைப்பதோ அரிது. காஃப் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1858-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாட்சிக் கூண்டில் நின்று, 1845-க்குப் பின் மதுவருந்தியதில்லை எனச் சத்தியம் செய்தார். எதிர்க்கட்சி வக்கீல் குற்றச்சாட்டைக் கைவிட்டார். ஐந்து கினி நஷ்டஈட்டுடன் காஃபுக்குத் தீர்ப்பாயிற்று. தொகை சிறிது, மீட்கப்பட்ட மானமோ பெரிது.

1860-இல் அவர் அமெரிக்கா திரும்பியபோது ஜோயல் ஸ்ட்ராட்டன் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். காஃப் சென்று அவர் அருகமர்ந்து, தமக்குச் செய்த நன்மையை நினைப்பதுண்டோ என வினவினார். அவ்விரவு தோளிற் கைவைத்தபோது இவ்வளவும் நிகழுமெனத் தாம் கனவிலும் எண்ணவில்லை என அம்மனிதர் விடையிறுத்தார். அவ்வாண்டே அவர் இறந்தார். அவர்தம் மனைவியார்க்குக் காஃப் பின்னர்ப் பொருளுதவி செய்து வந்தார். ஸ்ட்ராட்டன் மேடையேறிப் புகழ்பெற்றவரல்லர், நூல் எழுதியவருமல்லர். விடுதிப் பரிசாரகராகிய அவர் செய்தது, ஒரு மாலைப்பொழுதில் ஒருவன் தோளைத் தொட்டதே. ஆயினும் காஃப் பேசிய ஒவ்வொரு சொல்லிலும் அவருக்குப் பங்குண்டு.

பிற்காலத்திற் காஃப் வேறு பொருள்களைப் பற்றியும் சொற்பொழிவாற்றினார். தம் வரலாற்றை விரித்தெழுதினார். வேறு நூல்களும் இயற்றினார். வூஸ்டருக்கு அண்மையில் பாயில்ஸ்டன் என்னும் ஊரில் வீடமைத்து வாழ்ந்தார். வாழ்நாளில் 9,000-க்கு மேற்பட்ட சொற்பொழிவுகள் ஆற்றினார் என்பர். 1886-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ஆம் தேதி பிலடெல்பியாவைச் சார்ந்த பிராங்க்போர்டில் ஒரு தேவாலயத்திற் பேசிக்கொண்டிருக்கையில், இளைஞர் தம் வாழ்க்கை ஏட்டை மாசின்றிக் காத்தல் வேண்டுமென அறிவுறுத்திய வேளையிற் பாரிசவாயுவாற் சாய்ந்தார். 18-ஆம் தேதி உயிர் நீத்தார். தம் ஏட்டில் மாசு படிந்த பக்கங்கள் எத்தனை என்பதை அறிந்தவர் ஒருவர் அவ்வறிவுரை கூறினமையால் அதன் அருமை மிகுகின்றது.

அவரைத் தோற்றுவித்த வாஷிங்டன் சங்கங்கள் சில ஆண்டுகளிலேயே மங்கி மறைந்தன. ஆயினும் அக்கருத்து மறையவில்லை. 1935-ஆம் ஆண்டு ஓஹையோ நாட்டு ஆக்ரன் நகரில், குடியால் கெட்ட பங்குவணிகர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் சந்தித்து, ஒருவரையொருவர் தாங்குவதனாலேயே இருவரும் நிலைக்கலாமெனக் கண்டனர். பெயர் வெளியிடாத குடிநோயர் கூட்டுறவு என உலகெங்கும் பரவியுள்ள இயக்கம் அச்சந்திப்பிற் பிறந்ததாகும். இந்நாளில் பல நாடுகளில், போதைப் பழக்கத்தினின்று மீண்டவரையே பயிற்றுவித்து, மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு இல்லங்களிலும் சக துணைவராக அமர்த்துகின்றனர். அவர் மருத்துவருக்கு மாற்றல்லர். மருத்துவர் சொல்ல முடியாத ஒன்றை, அதாவது இப்பாதையில் நானும் நடந்தேன் என்பதை, சொல்ல வல்லவர்.

காஃபின் சரிதத்தினின்று அத்தகைய துணைவர் கற்கத்தக்கன பல. நிந்தையாற் குடியன் திருந்துவதில்லை. பெயர் சொல்லி அழைப்பதே தொடக்கம். உறுதிமொழி பெறுவதோடு பணி முடிவதில்லை. மறுநாட் காலை தேடிச் செல்லுதல் வேண்டும். இடறினவனைத் தள்ளுதல் கொடிது. உண்மை சொல்வோனை ஏற்பது நன்று. துணை செய்வோனும் மனிதனே. அவனுக்கும் துணை வேண்டும். புகழின் உச்சியிற் பழந்தோழர் கிண்ணம் நீட்டியபோது காஃப் தனியே இருந்தார் என்பதை மறத்தலாகாது.

மாணவ நண்பர்காள்! நம்மில் எல்லாரும் காஃபைப் போல நாவலராக வேண்டுவதில்லை, ஆகவும் இயலாது. ஆனால் ஸ்ட்ராட்டனாவதற்குப் பட்டம் வேண்டுவதில்லை, பதவியும் வேண்டுவதில்லை. நம் தெருவில், நம் விடுதியில், நம் வீட்டிலேயே தள்ளாடி நடப்பான் ஒருவன் இருத்தல் கூடும். அவன் பெயரை நாம் அறிவோம். ஒதுங்கிச் செல்வதும், அருகே சென்று தோளிற் கைவைப்பதும் நம் கையிலுள்ளன.